பராமரிப்பு: இருவர்

நூலக இணையதளத்தை அவரும் மனைவியுமாக வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். எல்லாவற்றின் அடியிலும் வரும் ஒற்றை வரி தனிக்கோப்பில் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சர்வரே அதை எடுத்து ஒட்டிக் கொடுத்துவிடும். 'பராமரிப்பு: இருவர்' என்று அவள்தான் எழுதிவைத்திருந்தாள். அவள் இறந்த பதினேழாம் நாள், மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவர் அதை 'ஒருவர்' என்று மாற்றினார்.

மறுநாள் காலை எல்லாப் பக்கத்திலும் 'இருவர்' என்றிருந்தது. திருத்தினார். மறுபடியும் வந்தது. நாலாம் முறை விட்டுவிட்டார். பக்கத்தில் அவள் உட்காரும் நாற்காலியில் குவித்திருந்த காகிதங்களையும் அள்ளி அப்புறப்படுத்தினார்.

ஒரு மதியம் நூலகர் போனில் கேட்டார்: "என்ன சார், இன்னும் இருவர்னே இருக்கு? புதுசா ஆள் வெச்சுட்டீங்களா?"

"அட, அதெல்லாம் இல்லீங்க. நான் மட்டுந்தான்" என்று சிரித்து மழுப்பினார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், திரையில் 'ஒருவர்'.

பதறிப்போய்க் கோப்பைத் திறந்து 'இருவர்' என்று அடித்துச் சேமித்தார். பக்கத்தைப் புதுப்பித்தார். 'ஒருவர்.' கோப்பைப் பார்த்தார். அதில் 'இருவர்' என்றுதான் இருந்தது.

"சும்மா பேச்சுக்குச் சொன்னேம்மா" என்றார் நாற்காலியிடம்.

மீண்டும் புதுப்பித்தார்.

'ஒருவர்.'