எதிர்க்கால் கட்டைவிரல்

"எந்தப் பக்கம்?"

"இடது."

பார்கவன், தம்பி சுகதனின் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒற்றைத் தலைவலிக்கு அவருடைய அம்மா கொடுத்துவிட்டுப் போன ஒற்றைமூலி வைத்தியம் அது. தலையில் எந்தப் பக்கம் வலிக்கிறதோ, அதற்கு எதிர்க்காலின் கட்டைவிரல் நகத்தில் பச்சிலைச் சாற்றை விட வேண்டும். சூரியன் உதிப்பதற்குள் விட்டாக வேண்டும். என்ன இலை என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது.

வாசற்படியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் சுகதன். ஐம்பது வயது, வழுக்கைத் தலை, மாவேலிக்கரையில் சொந்தமாக இரும்புக் கடை. ஆனால் அண்ணன் தன் காலைப் பிடித்திருந்த அந்த ஐந்து நிமிஷமும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருந்தான். சாறு காய்ந்ததும் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான்.

பேசத்தான் முடியாதே! இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் ஒன்றரை சென்ட் நிலத்துக்காக இரண்டு வருஷமாக அண்ணன் தம்பி வழக்கு. தீர்ப்பு வரும்வரை அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று தடை. புல்லும் பூண்டும் இடுப்பளவு வளர்ந்து கிடந்தன. வாயைத் திறந்து எதையாவது உளறிவைக்காதீர்கள் என்று இரண்டு பக்கத்து வக்கீல்களும் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒற்றைமூலி கேட்டு வருகிறவன் எதிரியே ஆனாலும் விரட்டக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஆகவே 'எந்தப் பக்கம்', 'இடது' என்ற அளவில் அண்ணன் தம்பி உறவு ஓடிக்கொண்டிருந்தது.

புட்டுக்குழாயை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வெளியே வந்தாள் விலாசினி, பார்கவனின் மனைவி.

"உங்க தம்பி உங்களை நல்லா முட்டாளாக்கறான்."

"என்னடி ஆச்சு?"

"நேத்து வலதுன்னான். இன்னிக்கு இடதுங்கறான். போன வாரமும் இதே கூத்துதான். தலைவலி என்ன ஊஞ்சலா, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடறதுக்கு?"

பார்கவன் இலை அரைத்த கல்வத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கேளுங்க. கோயில்ல அவன் பெண்டாட்டியைப் பார்த்தேன். வீட்டுக்காரருக்குத் தலைவலி எப்படி இருக்குன்னு கேட்டேன். 'யாருக்குத் தலைவலி சேட்டத்தி?'ன்னு என்னையே கேக்கறா! விடியக்காலையில நடக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்து உக்கார்றான், கள்ளன்!"

"ம்."

"என்ன ம்? நோய் இல்லாதவனுக்குக் கொடுத்தா மூலி பலிக்காமப் போயிடும்னு நீங்கதானே சொல்வீங்க? பாவம் ரேவம்மா டீச்சர், தலையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே வந்தாங்க. 'இலை கிடைக்கலை டீச்சர், ஆஸ்பத்திரிக்குப் போங்க'ன்னு அனுப்பிட்டீங்க. கோர்ட்டுக்கு இழுத்த மகராஜனுக்கு மட்டும் தினம் தினம் கிடைக்குது! நாளைக்கு வரட்டும். இனிமே இந்தப் படி ஏறாதேன்னு நானே மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன்."

பார்கவனின் கை நின்றது.

"வேண்டாம் விலாசினி."

"ஏன் வேண்டாம்?"

"அப்படிச் சொல்லிட்டா, அப்புறம் அவன் எந்தச் சாக்கைச் சொல்லிக்கிட்டு இங்க வருவான்?"

குரல் உடைந்துவிட்டது. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் கண் கலங்கி அவள் பார்த்தது மாமியார் செத்த அன்றைக்கு மட்டும்தான். விலாசினிக்குக் கோபம் வடிந்துபோயிற்று. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சேதான் கொடுக்கறீங்களா? சரி, தம்பிதானே, வந்துட்டுப் போகட்டும். ஆனா அதுக்காக அம்மா கொடுத்த மூலியைப் பாழாக்கலாமா?"

பார்கவன் வேலிக்கு அப்பால் மண்டிக் கிடந்த அந்த ஒன்றரை சென்ட்டை மோவாயால் காட்டினார்.

"அந்த மூலி முளைக்கறது அங்க மட்டும்தான். நான் அதுல கால் வெச்சு ரெண்டு வருஷமாச்சு. டீச்சருக்கு எங்கிருந்து கொண்டுவந்து கொடுக்கறது?"

விலாசினி திகைத்துப்போனாள்.

"அப்போ... தினமும் அரைச்சு அவன் கால்ல விடறீங்களே, அது என்னது?"

"முருங்கையிலை."

"ஐயோ என் பகவதி!"

"மெதுவாப் பேசுடி. மருந்து இல்லைன்னு தெரிஞ்சா நாளைக்கே நின்னுடுவான்."

மறுநாள் காக்கை கரைவதற்கு முன்பே சுகதன் வந்துவிட்டான். விலாசினி கதவுக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எந்தப் பக்கம்?"

"வலது."

பார்கவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இடது காலை எடுத்து மடியில் வைத்தார். சாற்றை விட்டார். காயும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

சுகதன் எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். இரண்டு படி இறங்கியவன் நின்றான். ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து அண்ணன் காதோடு சொன்னான்:

"இலை ரொம்ப முத்திடுச்சு சேட்டா, நகக்கண்ணுல சக்கை குத்துது. நம்ம முருங்கையில தெக்குக் கொம்புல கொழுந்து விட்டிருக்கு, நாளைக்கு அதைப் பறிச்சு அரைங்க."