பூனை எழுதிய கட்டுரை

'எலிகளுக்கு வளை தேவையே இல்லை' என்று கல்லூரிக்கு ஒரு வாதக் கட்டுரை எழுத உட்கார்ந்தது பூனை. முடிவுரைவரை எழுதிய பிறகுதான், இரு தரப்பையும் விசாரித்துவிட்டு எழுத வேண்டும் என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. போன வாரம் போலவே இந்த வாரமும் நோட்டும் பேனாவுமாக எலி வளை வாசலில் போய் நின்றது.

"எலியாரே, ஆய்வுக்காக வந்திருக்கிறேன். கொஞ்சம் வெளியே வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்."

"இங்கிருந்தே சொல்கிறேனே! போன வாரம் கருத்துச் சொல்ல வெளியே வந்த என் அண்ணன் இன்னும் வீடு திரும்பவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

பூனை மீசையைத் துடைத்துக்கொண்டு யோசித்தது. பிறகு அழகான கையெழுத்தில் எழுதியது:

"எலிகள் தரப்பில் ஒருவர் மட்டும் முழு ஒத்துழைப்புத் தந்தார். மற்றவர்கள் பேச முன்வரவில்லை."