குண்டுப் புள்ளி

"குண்டன் யாருன்னு கண்டுபிடிச்சாச்சா?" என்று கேட்டார் மேனேஜர்.

குண்டன் என்பது ஆள் அல்ல. திரையில் இருந்த பெரிய சிவப்புப் புள்ளி. இணையத்தில் நடக்கும் சண்டைகளைப் படமாக வரைந்து தருவதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. ஆளுக்கு ஒரு புள்ளி, பெயருக்குப் பதில் ஓர் எண். வதந்தியைக் கைமாற்றியவர்கள் சிவப்பு, மறுத்தவர்கள் நீலம். ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் போனதோ, அவ்வளவுக்கு அவர் புள்ளி பருக்கும்.

இந்த வதந்தி, தடுப்பூசி போட்டால் குழந்தைக்குக் காது கேட்காமல் போகும் என்பது. அதை நம்பி ஊரில் பாதிப் பேர் பிள்ளைகளை ஊசி போடவே அழைத்து வருவதில்லை. யார் பரப்பியது என்று சுகாதாரத் துறை பெயரோடு கேட்டிருந்தது.

"பேர் தெரியும் சார்," என்றான் படம் வரைந்தவன். "என் அக்காதான்."

மேனேஜர் நிமிர்ந்தார். "நர்சா இருக்காங்கன்னு சொன்னியே, அவங்களா?"

"அவளேதான். தன் பையனுக்கு ஊசி போட்ட மறுநாள், கூப்பிட்டா அவன் திரும்பலைன்னு பயந்துபோய் நெட்டுல எழுதினா. பார்த்தா சளி, காது அடைச்சிருக்கு. அதுக்குள்ள ஊரே பத்திக்கிச்சு. ஆறு மாசமா நான் அவகூடப் பேசறதே இல்ல."

"பேரைக் கொடுத்தா அவங்க வேலை போயிடும்யா."

"போகட்டும் சார். அக்காங்கறதுக்காக மூடி மறைக்கச் சொல்றீங்களா?"

சொல்லும்போதே அவனுக்குத் தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"எதுக்கும் ஒரு தடவை சரிபார்த்துடு," என்று பெயர்ப் பட்டியலைத் திறந்து வைத்துவிட்டுப் போனார் மேனேஜர்.

அக்காவின் எண்ணைத் தேடினான். ஓர் ஓரத்தில் கடுகளவு புள்ளி. எழுதியதை அரை மணி நேரத்தில் அவளே அழித்திருந்தாள். அதற்குள் அதை எடுத்துப் போட்டது ஒரே ஒருவர், குண்டன்.

குண்டனின் எண்ணை அழுத்தினான். வந்தது அவனுடைய சொந்தப் பெயர்.

அக்கா எழுதியதைப் படமெடுத்து, 'ஒரு நர்சே இப்படி உளறினா நாடு உருப்படுமா?' என்று போட்டதும், உட்கார்ந்து லைக் எண்ணியதும் நினைவுக்கு வந்தது. அவன் கிண்டலை யாரும் சட்டை செய்யவில்லை. நர்ஸ் சொன்னதாயிற்றே என்று அந்தப் படத்தைத்தான் பரப்பியிருந்தார்கள்.

முகம் எரிந்தது. அக்கம்பக்கத்து மேஜைகளைப் பார்க்கவே கூசியது. மாடிப்படிக்கு ஓடிப் போய் அக்காவுக்கு போன் போட்டான்.

"அக்கா... பரப்பினது நீ இல்லக்கா. நான்தான்."

"தெரியும்டா. அன்னிக்கே பார்த்தேனே."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல? ஆஸ்பத்திரியில கேட்கலையா?"

"போன வாரம் விசாரணையில கேட்டாங்க. பரப்பினதும் நான்தான்னு எழுதிக் கொடுத்துட்டு, வேலையை விட்டுட்டு வந்துட்டேன். உனக்கு இப்பதானே வேலை நிரந்தரமாச்சு... அதை விடு, சாப்பிட்டியா?"