வெட்டாத படம்

"கடைசி ஏடு காணோம் மேடம்," என்றார் அழகேசன், சுவடிக்கட்டை இரண்டாம் முறையும் புரட்டிவிட்டு.

படமெடுப்பதற்காக இரவல் கொடுத்திருந்த குடும்பச் சுவடி. திரும்ப வாங்கிப் போக, புக்கிட் பாத்தோக்கிலிருந்து அரைநாள் விடுப்பில் சிராங்கூன் சாலைக் காப்பகத்துக்கு வந்திருந்தார்.

எழுதியவர் பெயரும் ஆண்டும் அந்த ஏட்டில்தான் இருந்தனவாம். ஆனால் காப்பகத்தில் சுவடிகளைப் படமெடுக்கும் வைதேகி எடுத்த படங்களில் அப்படி ஓர் ஏடே இல்லை.

பொறுப்பாளர் கதிரேசன் அவள் பக்கம் குனிந்தார். "வீட்லயே வித்திருப்பாரு லா. இப்போ நம்ம தலையில கட்டப் பாக்குறாரு."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அழகேசன் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

நூலகங்கள் ஒரே முறையில் படங்களைப் பகிர்வதால், எந்த நாட்டு ஏட்டையும் தன் திரையிலேயே திறந்து, இன்னொன்றின் மேல் வைத்துப் பார்க்கலாம். தேடினாள்.

ஐரோப்பிய நூலகம் ஒன்று புதிதாக ஓர் ஒற்றை ஏட்டை வெளியிட்டிருந்தது. ஏடு இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. விற்றவர் அனுப்பிய படம் மட்டும் இருந்தது. விற்றவர் பெயர் இல்லை.

அதை இழுத்து வந்து, அழகேசனின் சுவடிக்கட்டில் எஞ்சியிருந்த கடைசி ஏட்டின் படத்தின் மேல் வைத்தாள்.

பூச்சி அரித்த துளைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே பொருந்தின.

"பாத்தியாம்மா?" என்றார் கதிரேசன். "போலீசுக்குச் சொல்லிடுவோம்."

அழகேசனின் முகம் வெளுத்தது. "சத்தியமா நான் விக்கல மேடம். போலீஸ் கேஸ்னா என் செக்யூரிட்டி லைசென்ஸ் போயிடும்."

வைதேகி கைப்பேசியை எடுத்தாள். அதற்கு முன் சான்றுக்காகப் படத்தை முழுதாகச் சேமித்துவிடலாம் என்று நினைத்தாள்.

நூலகம் ஏட்டை மட்டும்தான் காட்டியது. ஆனால் படத்தை யாரும் வெட்டியிருக்கவில்லை. எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று அதன் இணைய முகவரியில் நான்கு எண்கள் இருந்தன, அவ்வளவுதான்.

எண்களை அழித்து, முழுப் படத்தையும் கேட்டாள்.

திரையில் ஏடு சிறுத்தது. அதைச் சுற்றிக் கறுப்புத் துணி விரிந்தது. துணியின் மூலையில், இஸ்திரிப்பெட்டி சுட்ட முக்கோணத் தடம்.



கதிரேசன் மெல்ல நகர்ந்து அறையின் கோடிக்குப் போனார். அங்கே காமிராவுக்குக் கீழே விரித்திருந்த கறுப்புத் துணியை, சுட்ட மூலை உள்ளே போகும்படி மடிக்கத் தொடங்கினார்.