நிறுத்தம் வரைக்கும் துணை

"எழுந்திருங்க. தெரு முனையில நாய்ங்க கூடி நிக்குது. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்துட்டு, அப்புறம் படுத்துக்கோங்க."

முதல் நாள் மனைவி இதே வார்த்தைகளில்தான் கூப்பிட்டாளா என்று ஓட்டுநரால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. வளைவில் குறுக்கே பாய்ந்த லாரி, பள்ளத்தில் சரிந்த பஸ், அதற்குப் பிறகு அந்தச் சுவர். விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். எப்போது வந்தாலும் வண்டி தருகிறேன் என்றார் டிப்போ மேலாளர். அவரால்தான் எழ முடியவில்லை. இனி ஸ்டியரிங்கைத் தொடவே முடியாது என்று நினைத்திருந்தார்.

"ஊர்ல எல்லாரும்தான் போறாங்க. நாய் உன்னை மட்டுமா தேடுது?"

"எல்லாருக்கும் பயமில்ல, எனக்கு இருக்கு. தையல் கூடத்துக்கு நேரமாச்சு, வாங்க."

தலைகூட வாராமல் போனார். பஸ் வந்து நின்று பிரேக் பெருமூச்சு விட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஏறிப் போனதும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். மறுபடியும் சுவர்.

அவள் விடவில்லை. மழை பெய்தால் ஒரே குடையில் போனார்கள். ஒருநாள், "இந்தத் தாடியோட வந்தா நாய் உங்களைத்தான் முதல்ல கடிக்கும்" என்றாள். சவரம் செய்துகொண்டார். சவரம் செய்த முகத்தோடு திரும்பவும் படுப்பது என்னவோபோல் இருந்தது. பாத்திரங்களைக் கழுவி வைத்தார்.

நடத்துநர் படிக்கட்டில் நின்றபடியே வம்புக்கு இழுப்பான். "என்னண்ணே, நாயைப் பார்த்து அண்ணி பயப்படறாங்களா, அண்ணியைப் பார்த்து நாயா?"

"போடா, வண்டியை எடுக்கச் சொல்லு."

சொன்ன பிறகுதான் பஸ்ஸை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்கு உறைத்தது. இன்னொரு நாள் அதன் பக்கத் தகட்டில் கை வைத்தார். சுட்டது. உடனே எடுத்துவிடவில்லை.

பிறகு ஒரு காலை, அவள் எழுப்புவதற்கு முன்பே சீருடையில் நின்றார்.

"இன்னைக்கு நான் ஓட்டறேன். ஸ்டாப்புக்கு நீ தனியா வந்துடுவியா?"

அவள் அவருடைய சட்டைக் காலரை நீவிச் சரிசெய்தாள். பிறகு, "வந்துடறேன்" என்றாள்.

அவள் நின்றிருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார். அதே பெருமூச்சு, இம்முறை அவர் காலடியிலிருந்து. அவள் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

அந்த வளைவு வந்தது. எதிரே ஒரு லாரியும் வந்தது. வேகத்தைக் குறைத்தார், ஒதுங்கி வழிவிட்டார். வளைவு பின்னால் போயிற்று. உள்ளே யாரோ குறட்டை விடுவது கேட்டது. தன் வண்டியில் ஒருவர் நம்பித் தூங்குகிறார் என்றதும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் மட்டும் அசையவில்லை.

"இறங்கல? கூடத்துக்கு நேரமாகலையா?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "இதே வண்டியிலதான் திரும்பணும்."

நடத்துநர் சிரித்தான். "அண்ணி இவ்வளவு தூரம் வந்தே ரொம்ப நாளாச்சுண்ணே. தினமும் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி, சுத்து வழியில நடந்து திரும்பிடுவாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாங்க."

மறுநாளிலிருந்து அவர் தனியாகவே டிப்போவுக்குப் போனார். அவர் படுக்கையில் விழுந்த மாதமே வீட்டுக்குப் பின் தெருவுக்கு மாறி வந்திருந்த தையல் கூடத்துக்கு, அவள் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள்.