முனவ்வறாவின் சிங்களம்

கார் மதிலில் மோதிய சத்தம் அடங்குவதற்குள் முனவ்வறாவின் சத்தம் தொடங்கிவிட்டது.

"கண்ணை எங்கடா வச்சிட்டு வாறாய்? நேத்துப் பூசின மதில்டா. ஈரம்கூட இன்னும் காயல்ல."

நிந்தவூர் மெயின் ரோட்டில் குறுக்கே ஓடிய கன்றுக்குட்டிக்காக ஒடித்த பழைய மொறிஸ் மைனர் அது. கன்று தப்பிவிட்டது. மதிலில் ஒரு பக்கம் அப்படியே விழுந்து கிடந்தது. முனவ்வறாவின் மகளுக்கு வருகிற வெள்ளிக்கிழமை கலியாணம். மகளுக்கென்று கட்டிய வீட்டின் மதில்.

காரை ஓட்டியவன் இறங்கி நின்றான். இருபத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் ரத்தம்.

"யார்ரா நீ? எந்த ஊர்?"

"தங்கராசா, அம்மா. திருக்கோயில். பிள்ளை நோக்காடு கண்ட ஒரு பொம்பிளையக் கல்முனை ஆசுபத்திரியில விட்டுட்டுத் திரும்பி வாறன்."

"விட்டுட்டு வாறவனுக்கு என்னடா அவசரம்?"

எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அச்சிமுகம்மது கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்; முனவ்வறா அண்ணன் முறை வைத்துக் 'காக்கா' என்று கூப்பிடுகிறவர். பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

"விட்டிராத முனவ்வறா," என்றார் அவர். "பொலிஸ் வரட்டும். எழுதிக் குடு."

பொலிஸ் வர நேரமெடுக்கவில்லை. சோதனைச் சாவடி சந்தியில்தான் இருந்தது. ஜீப்பிலிருந்து ஒரு சார்ஜனும் துவக்கோடு இரண்டு பேரும் இறங்கினார்கள்.

சார்ஜன் காரைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். தங்கராசாவிடம் கையை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

அங்கே நின்றவர்களில் சிங்களம் தெரிந்தவள் முனவ்வறா ஒருத்திதான். ஐம்பதைத் தாண்டியவள். அம்பாறைச் சந்தையில் பதினைந்து வருஷம் பாய் விற்றவள்.

"ஐடென்டி காட் எங்கயாம்?"

தங்கராசா சட்டைப் பையைத் தடவினான். பிறகு காற்சட்டைப் பைகளை.

"அவசரத்தில சட்டை மாத்தினன். வீட்டில கிடக்கு."

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, யுத்த காலம். அடையாள அட்டை இல்லாத ஒரு தமிழ் இளைஞன் ஜீப்பில் ஏறினால் எப்போது இறங்குவான் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

அச்சிமுகம்மதின் குரல் இறங்கிவிட்டது. "முனவ்வறா, மதில் போனாக் கட்டிக்கலாம். கொஞ்சம் பார்த்துக் கதை."

"நீங்க வாயப் பொத்துங்க காக்கா. இடிஞ்சது உங்கட மதிலா?"

தங்கராசா கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மா, மதிலை நானே வந்து கட்டித் தாறன். எனக்கு ஒரு கைப்பிள்ளை இருக்கு, அம்மா."

சார்ஜன் நிமிர்ந்து முனவ்வறாவைப் பார்த்தார். அவளிடம் ஏதோ கேட்டார்.

அவள் தங்கராசாவின் பக்கம் திரும்பினாள். "கையக் கீழ போடு. இனி வாயத் திறக்காத. தலையக் குனிஞ்சு நில்லு."

பிறகு சிங்களத்தில் தொடங்கினாள். அவன் சொன்னது நாலு வார்த்தை, அவள் சொன்னது நாலு நிமிஷம். மதிலைக் காட்டினாள். வீட்டைக் காட்டினாள். அவனைக் காட்டித் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"நல்லாக் கொளுத்தி வைக்கிறாள்," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"கலியாணத்தை வச்சிக்கிட்டு ஒருத்தண்ட குடியைக் கெடுக்கிறாளே," என்றார் இன்னொருவர்.

சார்ஜனுக்குத் திருப்தியில்லை. ஒரு பொலிஸ்காரன் தங்கராசாவின் தோளைப் பிடித்து ஜீப்பின் பக்கம் திருப்பினான்.

முனவ்வறா பாய்ந்து குறுக்கே போனாள். நழுவிய முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, தங்கராசாவின் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"காட் இல்லாம ரோட்டுக்கு வருவியா? வருவியாடா?"

இரண்டாவது குட்டு.

"யா அல்லாஹ், ரத்தம் வாற தலையில குட்டுறாளே," என்றார் அச்சிமுகம்மது.

சார்ஜன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த கொப்பியை மூடினார். பொலிஸ்காரனுக்குத் தலையை அசைத்தார். தோளில் இருந்த பிடி விலகியது.

தங்கராசாவின் அருகில் வந்து, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்.

"தம்பி, அம்மா அடிச்சது கோவிக்க வேணாம். பால் குடுத்து வளத்த அம்மாதானே. நாளைக்கு ஐடென்டி காட் கொண்டு வாறது. தங்கச்சிட கலியாணத்துக்கு முந்தி மதில் கட்டிக் குடுக்கிறது."

ஜீப் அவனை ஏற்றாமலே திரும்பிப் போனது.

தங்கராசா அழுகிறானா சிரிக்கிறானா என்று சொல்ல முடியவில்லை. பின்னால் யாரோ ஒருவர் சிரிக்க, அது பரவித் தெருவே சிரித்தது. நாலைந்து பேர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, விழுந்த கற்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினார்கள்.

அச்சிமுகம்மது மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். "பால் குடுத்த உம்மாவா? நீ எப்பகா இவனுக்குப் பால் குடுத்தாய்?"

"அவன் அம்மா அம்மா எண்டு கும்பிடுறான். தாயா எண்டு சார்ஜன் கேக்கிறார். இல்லையெண்டு சொல்லி ஏத்தி விடவா காக்கா?"

முனவ்வறா வீட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு தங்கராசாவைக் கூப்பிட்டாள்.

"உள்ள வா மனே. முகத்தைக் கழுவிட்டு ஒரு கோப்பை பால் குடிச்சிட்டுப் போ. கலியாண வீட்டில நிண்டு நான் பொய் சொன்னதாப் போயிடக் கூடாது."