மூன்றாவது கை

மெக்கிறீடி துரை கையைத் தூக்கினார். நீல் துரையும் தூக்கினார்.

கனகசபாபதி தன் கையை மடியை விட்டு அசைக்கவில்லை.

1914ஆம் ஆண்டு யூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை பின்நேரம். வெள்ளவத்தையில் மெக்கிறீடி துரையின் பங்களா விறாந்தையில் விசுவாச அல்ஸ்டர் சங்கத்தின் கொழும்புக் கிளை கூடியிருந்தது. மொத்த அங்கத்தவர் மூன்று பேர். மூன்று பேரும் வந்திருந்தார்கள்.

சங்கத்தின் கொள்கை சுருக்கமானது. அயர்லாந்துக்குத் தனியாட்சி கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் அதன் வடக்கு மூலையிலுள்ள அல்ஸ்டர் அதை ஏற்காது. தனியாட்சி கேட்கிறவர்களோடு பேச்சும் கிடையாது, சிரிப்பும் கிடையாது.

கேட்கிறவர் பக்கத்துப் பங்களாவிலேயே இருந்தார். பெயர் பற்றிக் துரை, இவர்களைப் போல அயர்லாந்துக்காரர்தான். அவரும் போட்டிக்கு ஒரு சங்கம் வைத்திருந்தார். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பதே இந்தச் சங்கத்தின் விதிக்கு மாறு.

இரண்டு பங்களாவுக்கும் நடுவே தென்னோலைக் கிடுகு வேலி. இவர் ஓரடி உயர்த்தினால் அவர் இரண்டடி உயர்த்துவார். இப்போது பதினான்கு அடியில் நின்றது. தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று மெக்கிறீடி வீட்டுக்கு வராது. வாடைக் காற்று பற்றிக் வீட்டுக்குப் போகாது. எங்கேயோ கிடக்கும் அயர்லாந்துக்காக இரண்டு துரைமாரும் வெள்ளவத்தையில் அவிந்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாவது அங்கத்தவராக முன்பு இருந்த துரை போன வருடம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று பேர் இல்லாத கூட்டம் செல்லாது. மெக்கிறீடி துரை யோசித்துப் பார்த்துவிட்டுத் தன் கந்தோர்க் கிளாக்கர் கனகசபாபதியைச் சேர்த்துக்கொண்டார்.

நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்த கனகசபாபதி, சங்க விதிப்படி, கத்தோலிக்கரின் தலைவரான பாப்பரசருக்கு ஒருநாளும் தலைவணங்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

கந்தோரில் பதினெட்டு வருடமாகத் துரைக்கு முன்னால் நின்றுதான் அவருக்குப் பழக்கம். சங்கத்திலோ, இரண்டாம் விதிப்படி அங்கத்தவர் எல்லோரும் உட்கார வேண்டும். ஒருவரையொருவர் சகோதரர் என்றுதான் அழைக்க வேண்டும்.

முதல் ஞாயிறு கதிரையின் நுனியில் மட்டும் உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறு சாய்ந்து உட்கார்ந்தார். மூன்றாம் ஞாயிறு கால்மேல் கால் போட்டார். கொட்டாஞ்சேனையில் அவர் மனைவி பத்மாவதி வெள்ளிக்கிழமையே அவருடைய கோட்டுக்கு இஸ்திரி போட்டு வைக்கத் தொடங்கினாள்.

போன வாரம் அல்ஸ்டர் வெற்றித் திருநாள். மூன்று பேரும் கிணற்றைச் சுற்றி மூன்று முறை அணிவகுத்தார்கள். மேளத்துக்கு மண்ணெண்ணெய்த் தகரம். கனகசபாபதி அடித்த அடியில் தகரம் நெளிந்துவிட்டது.

இந்த வாரம் வந்தது வினை.

வேலியைப் பிரித்துவிட்டுப் பற்றிக்கைத் தேநீருக்கு அழைப்பது என்று ஒரு தீர்மானம். கொண்டுவந்தவர் வேறு யாருமல்ல, தலைவர் மெக்கிறீடியேதான். வெக்கை தாங்க முடியவில்லை என்று தொடங்கினார். பிறகு குரல் இறங்கியது. நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் பற்றிக் தன் சமையற்காரனை ஏசினாராம். அந்த ஊர் ஏச்சை மெக்கிறீடி கடைசியாகக் கேட்டது தன் தாயின் வாயிலிருந்துதானாம். வேலியோரம் நின்று அழுதுவிட்டாராம்.

நீல் துரை மூக்கைச் சிந்திக்கொண்டே ஆமோதித்தார்.

கனகசபாபதி அவசரமாகக் கணக்குப் போட்டார். வேலி போனால் சங்கம் போகும். சங்கம் போனால் கதிரை போகும். சாகும்வரை நிற்க வேண்டியதுதான்.

நல்லகாலம், ஏழாம் விதி இருந்தது. கொள்கையைத் தளர்த்துவதென்றால் அத்தனை கையும் உயர வேண்டும். எவன் மனம் இளகினாலும் சங்கம் இளகக் கூடாது என்று மெக்கிறீடி தன் கையாலேயே எழுதிய விதி. எழுதிய அன்று தன் மனத்தைப் பற்றி அவர் நினைக்கவில்லை.

துரை இப்போது கனகசபாபதியைப் பார்த்தார். தூக்கிய கை தூக்கியபடி நின்றது. கண்ணில் கெஞ்சல்.

கனகசபாபதிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பதினெட்டு வருடத்தில் அந்த முகத்தில் கெஞ்சலை அவர் கண்டதேயில்லை. கண்ட பிறகு விட மனம் வரவில்லை.

“வெட்கமாயில்லையா, சகோதரர் மெக்கிறீடி?” என்று இங்கிலீசில் கேட்டார். “அல்ஸ்டர் நம்மை நம்பியிருக்கிறது.”

தீர்மானம் தள்ளுபடியானது. மெக்கிறீடி துரை கையை இறக்கி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் வைத்தார். கனகசபாபதி அதோடு விடவில்லை. வேலியை இன்னும் ஓரடி உயர்த்த வேண்டும் என்று பிரேரித்தார். தளர்த்தத்தான் மூன்று கை வேண்டும், இறுக்க ஒரு கை போதும்.

ஐந்தரைக் கோச்சிக்கு ஸ்டேசனில் நின்றபோது, பற்றிக் துரையின் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸாலிஹ் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் நின்றார். துருக்கித் தொப்பி, மடிப்புக் கலையாத கோட். ஞாயிறுதோறும் இதே மேடையில் காண்கிற முகம்தான். ஒருநாளும் கதைத்ததில்லை.

இன்றைக்கு ஸாலிஹ்தான் வாயைத் திறந்தார்.

“எங்கட சங்கத்தில இண்டைக்கி வேலியப் பிரிக்கக் கேட்டாங்க, மாஸ்டர். ரெண்டு தொரமாரும் கையத் தூக்கிட்டாங்க. நான் தூக்கல்ல.”

கனகசபாபதி ஏன் என்று கேட்கவில்லை.

கோச்சி வந்தது. இருவரும் ஒரே பெட்டியில் ஏறி, ஒரே வாங்கில் நெருங்கி உட்கார்ந்து, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டே மருதானைவரை போனார்கள்.